எல்லைச்சாமி எங்கே நிற்கிறார்?



போன மாதம் வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாடு முடிந்த பிறகு, எங்க ஊர்க் கோயில் மண்டபத்துல இளைஞர் பகுதிக்கு நான் கொஞ்ச நேரம் பேசினேன். அதை எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் அண்ணன் கேட்டார். நான் சமயச் சொற்பொழிவாளன் இல்லை. இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தேவாரம் பாடினால் சுருதி சேராது. அன்றைக்குப் பேச வேண்டிய கட்டாயம் எனக்கு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊர் பேராக்கில் இருக்கிற ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் ஈயமும் பால்மரமும் சோறு போட்டன. இப்போது சுற்றிலும் செம்பனைதான். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்கள். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும்தான் ஊர் நிறைந்திருக்கும். மற்ற நாளில் இளைஞர் பகுதிக் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தாலே நான் வருகைப் பதிவேட்டைப் பெருமையோடு மூடுவேன்.

அந்த ஊரில் நம்ம அண்ணன் ஒருவர் வாழையிலை உணவகம் நடத்துகிறார். பல வருடம் சிங்கப்பூரில் சமையல்காரராக இருந்து, சேர்த்த காசோடு திரும்பி வந்து திறந்த கடை. எங்க தாமான் ஆட்கள் ஆறு பேருக்கு அங்கே வேலை. தைப்பூசத்துக்கு அன்னதானச் சாம்பார் அவர் அடுப்பில்தான் கொதிக்கும். இந்த வருடம் அவர் மதுபான உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்று செய்தி வந்தது. கடைக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரே ஒரு சந்துதான். அதே வரிசையில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறது.

செயலாளர் நான்தானே, உட்கார்ந்து எதிர்ப்பு மனு எழுதினேன். "இந்து சமயத்துக்கு விரோதமான", "சமுதாயத்தைச் சீரழிக்கும்" என்றெல்லாம் நல்ல காரமாக எழுதினேன். இரண்டு நாளில் பதினேழு கையெழுத்து சேர்ந்தது. பெருமையாக வீட்டில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

என் அப்பா செம்பனைக் காய் லோரி ஓட்டுகிறவர். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து குடிப்பவர். இதை மண்டபத்தில் அவர் அனுமதியோடுதான் சொன்னேன், இங்கேயும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அப்பா முழுக்கக் கேட்டார். பிறகு, "எத்தனை கையெழுத்து?" என்றார்.

"பதினேழு பா."

"அதுல மளிகைக்கடைக்குப் பின்னால வந்து உக்காரறவன் நாலு பேரு. எனக்குத் தெரியும், பக்கத்துல நானும்தான் உக்காந்திருப்பேன். தம்பி, நான் இந்த இருபது வருசமா குடிச்சது எந்த ரெஸ்டோரன்லயும் இல்ல. கடைக்குப் பின்னால, ஓட்டுக்குக் கீழ, பிளாஸ்டிக் நாற்காலியில. அத நீ ஒரு நாளாச்சும் எழுதினியா? அங்க சாமான் வாங்க உன்னத்தானே அம்மா அனுப்புவா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கடையில் நான் அரிசி வாங்கியிருக்கிறேன். பின்பக்கத்துச் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே வாங்கியிருக்கிறேன். அது என் கண்ணுக்கு ஒரு "பிரச்சினை"யாகவே பட்டதில்லை, ஏனென்றால் அது நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது. புதிதாக ஒன்று வந்தால் எதிர்க்கிறோம். பழகிப்போனதைத் தாண்டிப் போய்விடுகிறோம். மனுவைப் பைக்குள் வைத்துவிட்டு, முதலில் படிப்போம் என்று உட்கார்ந்தேன். படித்ததைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் வள்ளுவர். கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அது எந்தப் பாலில் இருக்கிறது என்று மண்டபத்தில் கேட்டேன். எல்லாரும் "அறத்துப்பால்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புலால் மறுத்தல் 26-ஆம் அதிகாரம், அறத்துப்பாலில் துறவறவியலில் இருக்கிறது. கள்ளுண்ணாமையோ 93-ஆம் அதிகாரம், பொருட்பாலில் இருக்கிறது. அதற்கு அடுத்த அதிகாரம் சூது. அரசு, அமைச்சு, படை, நட்பு, பகை என்று பேசுகிற பகுதியில் கொண்டு போய் அதை வைத்திருக்கிறார்.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். குடியை ஒருவனுடைய தனிப்பட்ட பாவம் என்று மட்டும் வள்ளுவர் பார்க்கவில்லை. ஒரு வீட்டின் வரவு செலவு, ஒரு ஊரின் மானம், ஒரு நாட்டின் நிர்வாகம் சம்பந்தப்பட்ட விஷயமாகவும் பார்த்திருக்கிறார். அப்படியானால் உரிமம், கடை நேரம், கடைகளின் எண்ணிக்கை எல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத அரசியல் என்று ஒதுங்க முடியாது. அதுவும் நம் அறத்துக்குள் வருகிறது.

அப்படியென்றால் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இதற்கு மகாபாரதத்தில் ஒரு கதை இருக்கிறது. போர்க்களக் கதைகள் நமக்குத் தெரியும். பதினாறாவது பர்வமான மௌசல பர்வத்தை அதிகம் பேர் படிப்பதில்லை.

முனிவர்களைக் கேலி செய்ததால் யாதவ குலத்துக்குச் சாபம் வருகிறது. ஓர் இரும்பு உலக்கை பிறக்கும், அதனாலேயே குலம் அழியும் என்பது சாபம். உலக்கையைப் பொடியாக்கிக் கடலில் கொட்டுகிறார்கள். அதோடு துவாரகையில் ஒரு கட்டளையும் போடுகிறார்கள்: இன்று முதல் நகரத்தில் யாரும் மது காய்ச்சக் கூடாது, மறைவாகக் காய்ச்சினால் சுற்றத்தாரோடு கழுவேற்றப்படுவார்கள். கண்ணபிரான் பெயரையும் சொல்லி அறிவித்த கட்டளை அது. மக்கள் பயந்து கட்டுப்படுகிறார்கள்.

அதன் பிறகு தீர்த்த யாத்திரையாகப் பிரபாசம் என்ற கடற்கரைக்குப் போகிறார்கள். நகர எல்லை தாண்டியாகிவிட்டது. உணவோடு மதுவும் வண்டி வண்டியாகப் போகிறது. கண்ணன் கண்ணெதிரிலேயே குடிக்கிறார்கள். போதையில் சாத்யகி, "தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்ற வீரன்தானே நீ" என்று கிருதவர்மனைக் குத்திக் காட்டுகிறான். அவன் பதிலுக்குப் பூரிசிரவசின் கொலையை இழுக்கிறான். குருக்ஷேத்திரம் முடிந்து முப்பத்தாறு வருடம் ஆகியும் உள்ளே கிடந்த பகை வெளியே வருகிறது. வாள் எழுகிறது, தலை விழுகிறது. கடலில் கொட்டிய இரும்புப் பொடி கரையில் கோரைப்புல்லாக முளைத்து நிற்கிறது. அதைப் பிடுங்கி ஒருவரையொருவர் அடித்தே மாண்டு போகிறார்கள்.

கட்டளை தவறா? இல்லை. துவாரகைக்குள் அது வேலை செய்தது. ஆனால் பயத்தால் நின்றவர்கள், பயம் எட்டாத இடத்துக்குப் போனதும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தார்கள். தடை கைகளை நிறுத்தி வைத்தது. உள்ளே கிடந்த பகையையும் தாகத்தையும் யாரும் தொடவே இல்லை. பரமாத்மாவே பக்கத்தில் நின்றும், குடிக்கிறவனுடைய கையை அவர் பிடித்து நிறுத்தவில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் படிப்பிலிருந்து ஒன்று சொல்கிறேன். பட்டறையில் ஓர் இயந்திரத்தின் கை முன்னும் பின்னும் ஓடும். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அதைக் கட்டுப்படுத்தும் கணினி சொல்லும். ஓட்டத்தின் இரண்டு முனையிலும் 'லிமிட் சுவிட்ச்' என்று ஒன்று இருக்கும். கை வரம்பு மீறிப் போய் அதை இடித்தால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு இயந்திரம் நின்றுவிடும். எங்க விரிவுரையாளர் முதல் நாளே சொன்னார்: "அது கட்டுப்படுத்துறதுக்கு இல்ல, கட்டுப்பாடு தவறினா காப்பாத்துறதுக்கு. தினமும் கை போய் சுவிட்சை இடிக்குதுன்னா சுவிட்சை மாத்தாதீங்க, கண்ட்ரோலரைப் பாருங்க."

மது உரிமக் கட்டுப்பாடு லிமிட் சுவிட்ச். மனம் கண்ட்ரோலர். சுவிட்சைக் கழற்றிவிட்டு, "எல்லாம் மனக்கட்டுப்பாடுதான்" என்று இயந்திரத்தை ஓட்டுகிறவன் முட்டாள். சுவிட்ச் இருக்கிறது என்பதற்காகக் கண்ட்ரோலரைக் கவனிக்காதவனும் அப்படித்தான். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

வெளியே இருக்கிற எல்லை முதலில். நம் முன்னோர் இதற்கு ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். தோட்டக் காலத்தில் லயத்திலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே கள்ளுக்கடை இருக்கும். காலையில் பால் வெட்டியவனின் கூலி மாலையில் அங்கே போய்ச் சேரும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டுப் பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, துரைமார் எதிரே சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்துக்கு முடிவு என்று கோரிக்கைகள் இருந்தன. அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது.

போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை எழுந்தது. ஏ.எம். சாமி தலைமையில், ஹார்வர்ட் தோட்டம், பீடோங் வட்டாரத்தில், 1947-இல் கள்ளுக்கடை மறியல் நடந்தது. போலீசாரோடு மோதல் வந்து உயிரும் போனது. என் பாட்டி கெடாக்காரர். அப்போது அவருக்கு ஏழு வயது. அவருடைய அப்பா மறியலுக்குப் போனவர். "எங்கப்பா அதுக்கு முந்தின வருசம் வரைக்கும் அந்தக் கடையில நிக்கிறவருதான்டா. குடிக்கிறவனுக்குத்தான் கடை எவ்வளவு கிட்ட இருக்குன்னு தெரியும்" என்பார் பாட்டி. "கடையை மூடு" என்று கத்தியவர்கள் ஒழுக்கத்தில் உயர்ந்து நின்று கத்தவில்லை. தங்களுக்கு உதவி வேண்டும் என்று கத்தினார்கள்.

என் அப்பாவும் இதையே வேறு மாதிரி சொன்னார். "நடந்து போற தூரத்துல இருந்தா கால் தானா போயிடும். எட்டு மைல் தள்ளி இருந்தா பாதி நாள் சோம்பல் பட்டு வீட்லயே இருப்பேன்." அந்தப் பாதி நாளைத்தான் ஒரு நல்ல சட்டம் ஒரு குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. என் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று அமைதியான இரவுகள் என்றால், அது சின்ன விஷயம் இல்லை.

நம் காலத்துச் சட்டங்களையும் பாருங்கள். 2017 டிசம்பர் 1 முதல் நம் நாட்டில் மது வாங்கும் வயது 18-இலிருந்து 21 ஆனது. 2020-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50-ஆகக் குறைந்தது. போதையில் ஓட்டி உயிர் போகக் காரணமானால் 10 முதல் 15 வருடம் வரை சிறை. அதே ஆண்டு நவம்பரில், மளிகைக்கடை, வசதிக்கடை, சீன மருந்துக்கடைகளில் கடும் மது விற்பனையைத் தடுக்கும் விதிகளைக் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம் அறிவித்தது. சிங்கப்பூரில், 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு 2015-இல் புதிய சட்டம் வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் இன்னும் கடுமை.

இந்த எல்லைகளை மீறி மலிவு விலையில் தேடிப் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த போலி மதுவால் சிலாங்கூரிலும் பக்கத்து வட்டாரங்களிலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஆட்களோடு வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று தேடியபோது, அமெரிக்காவைப் பற்றி ஒன்று படித்தேன். எங்க ஊர் போல மெதுவாக வளரும் ஊருக்கு அது நல்ல பாடம். அங்கே சில மாநிலங்களில் உரிமத்தை மக்கள்தொகையோடு கட்டிவைத்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் ஒரு கவுண்டியில் 7,500 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு ஊராட்சியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆள் கூடினால்தான் புது உரிமம். வருடத்துக்கு 300 பேர் மட்டும் கூடுகிற ஒரு கவுண்டியில் 7,500 கணக்கு என்றால், அடுத்த உரிமத்துக்கு 25 வருடம் காத்திருக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் என்ன நடக்கிறது? அரிதான பொருளுக்கு விலை ஏறும். நியூ ஜெர்சியில் ஓர் உரிமம் லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. குடும்பம் நடத்துகிற சின்ன உணவகத்தால் வாங்க முடியாது. பெரிய நிறுவனம் வாங்கிவிடும். சிலர் கடையே நடத்தாமல் உரிமத்தை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அந்த மாநிலம் அப்படித் தூங்கும் உரிமங்களை வெளியே கொண்டுவரச் சட்டம் போட வேண்டி வந்தது. ஊரைக் காக்கப் போட்ட வேலி சிலருக்குச் சொத்தாகிவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

அதனால் "எத்தனை கடை" என்ற கேள்வி மட்டும் போதாது. எந்தக் கடை, எங்கே, எத்தனை மணி வரை, யாருக்கு விற்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில், குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகத்தை மட்டும் எதிர்த்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருட்டில் விற்பதை விட்டுவிட்டால், நான் எழுதிய மனு என் அப்பாவை அங்கேயே தள்ளியிருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டில் பல இனம், பல சமயம். எனக்கு வேண்டாம் என்பதற்காக மற்றவர் தட்டில் கை வைப்பது தர்மமாகாது. ஊருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் உரிமை.

இனி உள்ளே இருக்கிற எல்லை. மண்டபத்தில் ஒரு தம்பி கையைத் தூக்கினான். "அண்ணே, முனியாண்டிக்குப் போத்தல் வச்சுப் படைக்கிறோமே, சாமியே குடிக்குதுன்னா நாம ஏன் குடிக்கக் கூடாது?" எல்லாரும் சிரித்தார்கள். நல்ல கேள்வி அது. இன்னொருத்தி, "சங்க காலத்துல ஔவையாரே கள் குடிச்சிருக்காங்களே" என்றாள். அதுவும் உண்மை. கிடைத்த கள்ளை அதியமான் தன்னோடு பகிர்ந்துகொண்டதை அவன் இறந்த பிறகு ஔவையார் நினைத்து அழுகிற பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நம் மரபில் மதுவே இருந்ததில்லை என்று பொய் சொல்லி உங்களைத் திருத்த நான் விரும்பவில்லை. அந்தக் கள் அரிது. கொஞ்சமாக இருந்தால் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற நட்பு அங்கே இருந்தது. கடைக்குப் பின்னால் இருக்கிற நாற்காலியில் அந்த விட்டுக்கொடுத்தல் இருக்கிறதா என்று என் அப்பாவே சொல்லட்டும்.

முனியாண்டிக்கு வருகிறேன். அவர் யார்? காவல் தெய்வம். கருவறைக்குள் இருப்பவர் இல்லை. தோட்டத்தின் ஓரத்தில், மரத்தடியில், ஊர் முடிகிற இடத்தில் நிற்கிறார். எல்லைச்சாமி என்றே சொல்கிறோம். அவருக்குச் சுருட்டும் மதுவும் வைக்கிறவர்கள் அதை எங்கே வைக்கிறார்கள்? எல்லையில். ஊரைக் காக்கிறவரிடம், "ஐயா, இந்த மூர்க்கம் இங்கேயே நிற்கட்டும், எங்க வீட்டு வாசலுக்கு வர வேண்டாம்" என்று ஒப்படைக்கிறோம் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இது என் புரிதல், சாத்திரம் இல்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? படையல் முடிந்ததும் அதே போத்தலைப் "பிரசாதம்" என்று எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போகிறோம். பதினாறு வயசுப் பையனுக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கிறோம். எல்லையில் விட்டு வந்ததை நாமே தூக்கி வீட்டுக்குள் கொண்டு வருகிறோம். எல்லைச்சாமி அப்புறம் எங்கே நிற்பார்?

திருமூலரும் திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமை பற்றிப் பாடியிருக்கிறார். குடிக்காதே என்பதோடு அவர் நிற்கவில்லை. சிவானந்தம் என்கிற தேறல் இருக்கிறது, அதைத் தேடு என்கிறார். எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் பட்டது. ஒருவனிடமிருந்து போத்தலைப் பிடுங்கினால் அவன் கையில் ஒரு வெற்றிடம் இருக்கும். அங்கே என்ன வைக்கப் போகிறோம்?

இது புத்தகத்தில் படித்தது மட்டும் இல்லை. பல்கலைக்கழக முதல் ஆண்டில், தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாத ஓர் இரவு, விடுதி நண்பர்களோடு நானும் குடித்தேன். அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன், தொடவே மாட்டேன் என்று பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்தவன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தனியாக இருந்தேன், அவ்வளவுதான். குடித்துவிட்டு மோட்டாரில் ஏறினேன். சாலை வளைவில் சறுக்கி, வேலியோரம் புல்லில் விழுந்தேன். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. எதிரே ஒரு வண்டி வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. வந்தவர் வீட்டிலும் ஒரு கட்டில் காலியாகியிருக்கும். அந்த ராத்திரி எனக்குச் சட்டம் தெரியும், வயது வரம்பு தெரியும், குறள் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் மட்டும் இல்லை.

அதனால் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறேன். பழைய மனுவைக் கிழித்தோம். முதலில் நானும் இரண்டு பேரும் உணவகத்து அண்ணனை நேரில் போய்ப் பார்த்தோம். அவர் கோபப்படவில்லை. "சோறு மட்டும் வித்தா வாடகை கட்ட முடியலப்பா. ராத்திரி ஏழு மணிக்கு மேல கடையில ஈ ஓட்டிக்கிட்டு நிக்கிறேன். பதினேழு பேரு கையெழுத்துப் போட்டீங்களே, அதுல எத்தனை பேரு இந்த மாசம் குடும்பத்தோட என் கடையில சாப்பிட்டீங்க?" என்றார். எங்கள் மூன்று பேரில் ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. கையெழுத்துப் போடக் காசு செலவில்லை, அதனால் சுலபமாகப் போட்டிருக்கிறோம்.

பிறகு மாவட்ட அலுவலகத்துக்கு வேறு கடிதம் எழுதினோம். ஊரில் இப்போது இருக்கிற உரிமங்களின் எண்ணிக்கை கூட வேண்டாம், ஆள் கூடாத ஊருக்குக் கடை மட்டும் கூடுவானேன் என்று கேட்டோம். உணவகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், டியூஷன் முடியும் நேரத்துக்குப் பிறகே விற்கட்டும், சந்துப் பக்கம் மேசை போட வேண்டாம், 21 வயதை அடையாள அட்டை பார்த்து உறுதி செய்யட்டும் என்று எழுதினோம். மளிகைக்கடையின் பின்பக்கத்தைப் பற்றியும் எழுதினோம். அந்தப் பத்தியை எழுதும்போதுதான் என் கை நடுங்கியது, ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் என் அப்பா. கடிதம் போயிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வழிபாடு முடிந்ததும் எல்லாரும் அந்த அண்ணன் கடையிலேயே சாப்பிடுவது என்று முடிவு செய்தோம். சைவச் சாப்பாடு, ஆளுக்கு எட்டு வெள்ளி. முதல் வாரம் பதினான்கு பேர், போன வாரம் இருபத்தாறு பேர். அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. பெறச் சொல்லி நாங்கள் பேரம் பேசவும் இல்லை. முனியாண்டி பூசையில் இந்த வருடம் படைத்த மதுவை அங்கேயே மண்ணில் ஊற்றிவிடுவது என்று பூசாரி தாத்தாவிடம் கேட்டோம். "என் தாத்தா காலத்துல அப்படித்தான்டா செஞ்சாங்க" என்றார் அவர்.

அப்பா குடியை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. விடவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை, லோரியை நிறுத்திவிட்டு, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்தார். என் எதிரே உட்கார்ந்து இரண்டு முறை ரசம் வாங்கிக் குடித்தார். வீட்டுக்குப் போகும் வழியில், "அடுத்த வெள்ளியும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கு பா என்றேன்.

தம்பி தங்கைகளே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கடை திறக்கப் போவதாகச் செய்தி வரலாம். மனு எழுதுங்கள், தப்பில்லை. எழுதுவதற்கு முன் ஒரு மாலை உங்கள் தாமானைச் சுற்றி நடந்து பாருங்கள். வெளிச்சத்தில் இருக்கிற கடையையும் பாருங்கள், இருட்டில் இருக்கிற நாற்காலிகளையும் எண்ணுங்கள். அதில் உட்கார்ந்திருப்பவர் யாருடைய அப்பா என்று பாருங்கள். பல்கலைக்கழக விடுதியில் இருப்பவர்கள், பண்டிகை நாளில் ஊருக்குப் போகாத நண்பன் யார் என்று கேட்டு அவன் அறைக் கதவைத் தட்டுங்கள்.

எல்லைச்சாமி நம் ஊரையும் உள்ளத்தையும் காக்கட்டும்.

சிவசிவ.